பலூன் குழாயும் எங்கள் மாமாவும்

பி.காம் படிக்கிறவனுக்கு இந்தச் சரித்திரம் எதுக்கு என்று கேட்பீர்கள். எங்கள் மாமா புளிய மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். மலம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பயத்தில் இரண்டு வருஷம் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. கெலமங்கலத்தில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆசனவாயில் பலூன் குழாய் வைத்து நீரேற்றலாம் என்று மருத்துவர் சொன்னதும், பயந்து போய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

பலூன் குழாய்களில் பிரபலமானது சிறுநீருக்கு வைக்கும் ஃபோலி குழாய். ('போலி' என்று நினைத்துவிட்டேன்!) அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930களில் உருவாக்கியது. காப்புரிமைச் சண்டையில் ஜெயித்தது ரப்பர் கம்பெனியின் பால் ரைச்சி. பெயர் மட்டும் ஃபோலிக்கு நின்றது. உள்ளே போனதும் பலூனை ஊதினால் குழாய் நழுவாது, அவ்வளவுதான் தத்துவம்.

அதே யோசனை ஆசனவாய்க்கும் வந்தது. பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறை உள்ள குழந்தைகளுக்கு இப்படி எனிமா கொடுத்த அனுபவத்தை டொரன்டோவின் பாரி ஷாண்ட்லிங் 1987இல் எழுதினார். பின்னாலேயே ஒரு அதிர்ச்சி. பேரியம் எக்ஸ்ரேக்காக ரப்பர் பலூன் வைத்தபோது ஒவ்வாமையால் சிலர் இறந்தார்கள். 1991இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டது. அடிக்கடி குழாய் வைக்க வேண்டிய அந்தக் குழந்தைகளுக்குத்தான் ரப்பர் ஒவ்வாமை அதிகம் என்பது கொடுமை.

2006இல் ஐரோப்பாவில் முதுகுத்தண்டு பாதித்த 87 பேரிடம் நடந்த ஆய்வில், பலூன் குழாய் வழி நீரேற்றியவர்களுக்கு மலச்சிக்கலும் கசிவும் குறைந்தன. குடல் ஓட்டையாகும் ஆபத்து 10 லட்சம் தடவைக்குச் சுமார் 6 என்று 2016 ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பாலானவை முதல் எட்டு வாரத்தில்!

அதனால் பழகும்வரை நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். ரப்பர் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். குழாய் போகாவிட்டால் அழுத்தக் கூடாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதக் கூடாது. காற்றை இறக்கிய பிறகே எடுக்க வேண்டும். கடும் வயிற்றுவலி, ரத்தம், திடீர்த் தலைவலியோடு வியர்வை வந்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நம்ம ஊர்ச் சரித்திரமும் உண்டு. 1954இல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. மறுவாழ்வு என்றால் நடப்பது மட்டுமல்ல, கழிப்பறை விஷயமும்தான்.

போன தை மாசம் மாமா ராயக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், தயவுசெய்து வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.