சிரிப்பை எழுதியவர்கள்

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். ஆயினும், இலக்கிய வரலாறு எழுதுவோர் நகைச்சுவைக்குக் கடைசி வரிசையிலேதான் இடம் தருகின்றனர். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதப்பட்ட நகைச்சுவைக்கோ அந்த இடமும் கிடைப்பதில்லை. காற்றில் வந்தது காற்றிலேயே கரைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். நடித்தவர் பெயர் நெஞ்சில் நிற்கும். எழுதியவர் பெயரை எவரும் கேட்பதில்லை. பிரிட்டனில் 1939 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலத்தில் இந்நிலை எவ்வாறு மாறிற்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்காலத்துக் குரல்கள்

1939 ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலியில் ‘இட்ஸ் தட் மேன் அகெய்ன்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. முதலெழுத்துகளைக் கூட்டி ‘இட்மா’ என்று மக்கள் அதனை அழைத்தனர். அதன் நாயகர் லிவர்பூலில் பிறந்த டாமி ஹேண்ட்லி. எழுதியவர் நியூசிலாந்தில் பிறந்த டெட் கவனாக். இருட்டடிப்பும் உணவுப் பங்கீடும் வாட்டிய நாள்களில், அவ்வாரத்துச் செய்திகளையே கருவாகக் கொண்டு கவனாக் வேடிக்கை உரையாடல்களைப் புனைந்தார். கதவு திறக்கும் ஓசை கேட்கும். துப்புரவுப் பணிப்பெண் ஒருத்தி, குடிப்பிரியரான கர்னல் ஒருவர், ஜெர்மானிய ஒற்றன் ஒருவன் என ஒவ்வொருவராக வருவர். தமக்கே உரிய தொடரைச் சொல்லிச் செல்வர். அத்தொடர்களை நாடே திருப்பிச் சொல்லி மகிழ்ந்தது.

1949 சனவரியில் ஹேண்ட்லி மறைந்தார். இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் அவருக்கு நினைவு வழிபாடு நடைபெற்றது. நிகழ்ச்சியும் அவரோடு முடிந்தது. எழுதிய கை இருந்தது. எனினும், நடிகர் இல்லையேல் நிகழ்ச்சி இல்லை என்பதே அந்நாளைய முடிவு.

பாசறையில் பயின்றவர்கள்

அடுத்த தலைமுறை போர்ப் பாசறைகளிலிருந்து வந்தது. ஸ்பைக் மில்லிகன் 1918 இல் இந்தியாவின் அகமத்நகரில், பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய தந்தைக்கு மகனாகப் பிறந்தார். இளமைப் பருவத்தைப் பூனாவிலும் இரங்கூனிலும் கழித்த அவர், 1944 இல் இத்தாலியப் போர்முனையில் காயமுற்றார். பீட்டர் செல்லர்ஸ் விமானப்படைக் கலைக்குழுவோடு இந்தியாவுக்கு வந்தவர். நம் வட்டாரத்துக்கும் இவ்வரலாற்றில் சிறு பங்குண்டு. போர் முடிந்தபின் சிங்கப்பூரிலிருந்து இயங்கிய படையினர் கலைக்குழுவில்தான் கென்னத் வில்லியம்ஸ், ஸ்டான்லி பேக்ஸ்டர் ஆகியோரும், பிற்காலத்தில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற பீட்டர் நிக்கல்சும் மேடைப் பழக்கம் பெற்றனர். அவ்வனுபவத்தை நிக்கல்ஸ் 1977 இல் நாடகமாக்கி அரங்கேறச் செய்தார்.

மில்லிகன், செல்லர்ஸ், ஹாரி சீகம் ஆகியோரின் ‘கூன் ஷோ’ 1951 முதல் 1960 வரை ஒலிபரப்பாயிற்று. வானொலிக்குக் கண்ணில்லை என்பதை மற்றவர் குறையாகக் கருதினர். மில்லிகன் அதனையே வரமாகக் கொண்டார். மேடையில் காட்டவொண்ணாத எதனையும் ஓர் ஓசையால் கேட்போர் மனத்தில் அவர் நிகழ்த்திக் காட்டினார். ஆனால், வாரந்தோறும் எழுதியாக வேண்டிய சுமை எளிதன்று. 1952 இன் இறுதியில் அவர் கடும் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கேட்டவர் சிரித்த அரைமணி நேரத்துக்குப் பின்னே எழுதியவர் கொடுத்த விலை அது.

காய்கறிக் கடையின் மேல்மாடி

இலண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு காய்கறிக் கடையின் மேல்மாடியில் 1950களில் ஓர் அலுவலகம் இயங்கியது. மில்லிகன், எரிக் சைக்ஸ், ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் என்னும் நான்கு எழுத்தாளர்கள் கூடி அமைத்த ‘அசோசியேட்டட் லண்டன் ஸ்கிரிப்ட்ஸ்’ என்னும் கூட்டமைப்பே அது. தனித்தனியே வாய்ப்புத் தேடி அலைவதினும் ஒன்றுகூடித் தம் எழுத்துக்கு உரிய ஊதியமும் மதிப்பும் பெறுவதே மேல் என அவர்கள் துணிந்தனர். அங்குச் செயலாளராகச் சேர்ந்த பெரில் வெர்ட்யூ அம்மையார் நாளடைவில் அவர்களின் முகவராக உயர்ந்து, அவர்களின் படைப்புகளை வெளிநாடுகளுக்கும் விற்றுத் தந்தார்.

இந்நால்வருள் கால்ட்டனும் சிம்ப்சனும் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவர்கள் அல்லர். காசநோய்க்கு ஆளாகி, சர்ரி மாவட்டத்து மில்ஃபோர்டு மருத்துவமனையில் 1948 இல் சந்தித்தவர்கள். நோயாளிகளுக்காக அங்கு நடந்த உள்வானொலிக்கு எழுதிப் பழகியதே அவர்கள் பெற்ற பயிற்சி. நோய்ப்படுக்கையே அவர்களுக்குப் பள்ளியாயிற்று.

ஹான்காக்கும் இரட்டையரும்

1954 நவம்பரில் இவ்விருவரும் எழுத, டோனி ஹான்காக் நடிக்க, ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ வானொலியில் தொடங்கியது. 1956 இல் தொலைக்காட்சிக்கும் சென்றது. இதில் பழைய வேடிக்கைத் தொடர்கள் குறைந்தன. தன்னைப் பெரிதாக எண்ணிக்கொண்டு, உலகம் தன்னை மதிக்கவில்லையே என்று புழுங்கும் ஒரு சாமானியனின் வாழ்வே கதையாயிற்று. ஞாயிறு பிற்பகலில் செய்வதறியாது நால்வர் வீட்டில் சலித்துக் கிடப்பதை மட்டுமே 1958 இல் ஒரு முழு நிகழ்ச்சியாக எழுதினர். பெருமூச்சும் மௌனமும் அதில் சிரிப்பை விளைத்தன.

1961 இல் ஒளிபரப்பான ‘இரத்த தானம்’ பற்றிய நாடகம் இவர்களின் கலைக்குச் சிறந்த சான்று. நாட்டுக்குத் தொண்டு செய்யும் பெருமிதத்தோடு ஹான்காக் மருத்துவமனைக்குச் செல்கிறார். எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள் என்றறிந்ததும் நடுங்குகிறார். தம் இரத்தம் அரிய வகையது எனக் கேட்டதும் நிமிர்கிறார். முடிவில் ரொட்டிக் கத்தியால் கையை வெட்டிக்கொள்ள, அவர் தானமாகக் கொடுத்த இரத்தமே அவருக்கு ஏற்றப்படுகிறது. மனிதனின் தற்பெருமையை இதனினும் பரிவோடு எள்ளி நகைத்தல் அரிது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஹான்காக் உலகப் புகழ் நாடித் தம் எழுத்தாளர்களை விட்டு விலகினார். அதன்பின் அவர் நடித்தவை முன்னைய சிறப்பை எட்டவில்லை. 1968 சூனில் சிட்னி நகரில், 44 ஆம் அகவையில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்பிரிவு ஒன்றே இம்முடிவுக்குக் காரணம் எனல் நியாயமாகாது. மதுப்பழக்கமும் மனச்சோர்வும் அவரை நெடுங்காலம் வருத்தின. ஆயினும், அவருடைய மேதைமைக்கு ஏற்ற சொற்கள் பின்னர் அவருக்கு வாய்க்கவில்லை என்பது உண்மை.

எழுத்து முன்னின்ற காலம்

எழுத்தாளர்களின் வழி வேறாயிற்று. எந்த நடிகரையும் சாராமல் விரும்பியதை எழுதுமாறு பி.பி.சி. அவர்களை அழைத்தது. 1962 சனவரியில் அவ்வரிசையில் வந்த ஒரு நாடகமே ‘ஸ்டெப்டோ அண்டு சன்’ தொடராக வளர்ந்தது. குதிரை வண்டியில் பழைய சாமான் சேகரித்துப் பிழைக்கும் தந்தையும் மகனும் அதன் மாந்தர். உயர்ந்த வாழ்வை அவாவும் மகன். தனிமைக்கு அஞ்சி அவனைப் பிடித்து வைத்திருக்கும் தந்தை. வில்ஃபிரிட் பிராம்பெல், இரங்கூனில் பிறந்த ஹாரி கார்பெட் ஆகிய இருவரும் கோமாளிகள் அல்லர். தேர்ந்த நாடக நடிகர்கள். அதனால் சிரிப்பினூடே கண்ணீரும் வந்தது. 1964 பொதுத்தேர்தல் நாளன்று வாக்காளர்கள் இந்நிகழ்ச்சியைக் காண வீட்டிலேயே தங்கிவிடுவரோ என்று அஞ்சிய தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன், நேரத்தை மாற்றும்படி வேண்டினார், நேரமும் மாற்றப்பட்டது.

நகைச்சுவைக்கு மறுபக்கமும் உண்டு. ஜானி ஸ்பைட் எழுதிய ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடர் 1966 இல் தொடங்கியது. குடியேறிகளை இழித்துப் பேசும் ஆல்ஃப் கார்னெட் என்பவனைப் படைத்து, இனவெறியின் மடமையைக் காட்டுவதே அவர் நோக்கம். ஆனால், பார்த்தோருள் பலர் கார்னெட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவனோடு சேர்ந்து சிரித்தனர். 1969 இல் ஸ்பைட் எழுத, மில்லிகன் முகத்தில் கருமை பூசிப் பாகிஸ்தானியராக நடித்த ‘கறி அண்டு சிப்ஸ்’ ஆறு நிகழ்ச்சிகளோடு நின்றது. நோக்கம் நல்லதாயினும், சிரிப்பு எவர்மீது விழுகிறது என்பதை எழுதுவோன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சி நிற்பது

ஒலிநாடாக்களும் ஒளிநாடாக்களும் விலைமிக்கனவாய் இருந்த அந்நாளில், பழைய பதிவுகளைப் பி.பி.சி. பெருமளவில் அழித்துவிட்டது. ஹான்காக்கின் வானொலி நிகழ்ச்சிகள் சிலவும் அவ்வாறு மறைந்தன. ஆனால், அவற்றின் எழுத்துப்படிகள் காகிதத்தில் எஞ்சின. அவற்றைக் கொண்டு 2014 முதல் வேறு நடிகர்கள் அந்நிகழ்ச்சிகளை மீண்டும் நடித்துப் பதிவு செய்தனர். அவற்றை எழுதிய சிம்ப்சன் 2017 இலும் கால்ட்டன் 2018 இலும் மறைந்தனர். தம் இளமைச் சொற்கள் அரை நூற்றாண்டுக்குப் பின் புதிய குரல்களில் ஒலிக்கக் காணும் பேறு அவர்களுக்குக் கிடைத்தது.

1949 இல் நடிகரோடு ஒரு நிகழ்ச்சி முடிந்தது. 2014 இல் எழுத்திலிருந்து ஒரு நிகழ்ச்சி மீண்டது. காற்றில் கரையும் குரலுக்கும் காகிதமே காப்பு. பள்ளி ஆண்டு விழாவுக்கென ஒரு மாணவன் எழுதும் பத்து நிமிட நகைச்சுவை நாடகமாயினும், நாடகம் முடிந்ததும் அத்தாளைக் குப்பையில் இடாமல் பாதுகாத்து வைப்போமாக.