மேனி

உடலையும் உடலின் நிறத்தையும் வனப்பையும் குறிக்க வந்த மேனி என்னும் சொல், உழவர் வாயிலும் சந்தை வியாபாரிகள் வாயிலும் புகுந்தவுடன், 'காய் ஒன்று பத்து ரூபாய் மேனிக்குக் கொடுத்தான்' என்றும், 'ஏக்கருக்கு என்ன மேனி கண்டது?' என்றும், வீதம் என்ற அர்த்தத்தைத் தாங்கிய கணக்குச் சொல்லாகிவிடுகிறது. மலையாளத்தாரும் விதைத்ததற்கு நூறு மடங்கு விளைவதை நூறுமேனி என்பர்.

உடம்பைச் சொன்ன சொல் வீதத்தைச் சொல்ல வந்தது எங்ஙனம்? 'இருந்த மேனிக்கு', 'போகிற மேனிக்கு' என்னும் வழக்குகள் அதற்கு விடை தருகின்றன என்பது என் கருத்து. உடல் உருவமாகி, உருவம் ஒரு பொருள் இருக்கும் விதமாகி, விதம் கணக்கில் நுழைந்து வீதமாயிற்று. 'சொன்னபடி' என்கையில் விதத்தையும், அரிசி அளக்கையில் அளவையும், உத்தியோகஸ்தர் பெறுகையில் அன்றாடச் செலவுக்கான தொகையையும் குறிக்கும் படி என்ற சொல்லை உடன்வைத்துப் பார்த்தால், இவ்வுறவு விநோதமாகத் தோன்றாது.

சொல் எதுவாயினும் வீதத்தின் ஜீவன் 'ஒன்றுக்கு' என்பதிலேயே இருக்கிறது. இதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப்போலத் தெளிவாகக் காட்டுபவை அரிது. கோயிற் பணத்தை வட்டிக்குக் கொடுத்தபோது காசு ஒன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்கால் காசு பொலிசை என்று வகுத்தார்கள். இன்றைய பேச்சில் அது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நாள்தோறும் உழக்கு நெய் எரியும் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ விடப்பட்டன. உழக்குக்குப் பத்துச் செவிடு; அதைப் பதினாறால் வகுத்தால், எருமை ஒன்றின் மேனி நாளொன்றுக்கு அரையே அரைக்கால் செவிடு நெய். பசுவின் மேனி இதில் மூன்றிலொரு பங்கு, ஆட்டின் மேனி ஆறிலொரு பங்கு. ஒன்றுக்கு இவ்வளவு என்று தெரிந்துவிட்டால், ஒருவன் பத்து எருமையும் பன்னிரண்டு பசுவும் கொண்டுவந்து நிறுத்தினாலும், விளக்குக்கு இன்னும் எத்தனை ஆடு வேண்டும் என்பதைக் கணக்கன் நின்ற நிலையில் சொல்லிவிடுவான்: பன்னிரண்டு.

மேனிகளைத் தம்முள் கூட்டிச் சராசரி காண முற்படும்போது மட்டும் மிக்க எச்சரிக்கை வேண்டும். இரண்டு ஏக்கரில் ஏக்கருக்கு 20 மூட்டையும், மற்றோர் ஏக்கரில் 30 மூட்டையும் கண்ட குடியானவனுக்கு மொத்த மேனி 25 ஆகாது. களத்துக்கு வந்த எழுபது மூட்டையை மூன்று ஏக்கருக்கும் பகிர்ந்தால் 23-க்குச் சற்று மேலே நிற்கும். எந்த ஒன்றுக்கு என்பதை மறந்தவருடைய கணக்கு இவ்விடத்தில்தான் வழுக்குகிறது. அலகு வீதம் என்று பாடப்புத்தகம் அச்சிட்டுத் தருவதை ஆசிரியர்கள் மேனி என்ற சொல்லோடு தொடங்கினால், கிராமத்துப் பிள்ளைகள் அதை வீட்டிலேயே கேட்டறிந்த விஷயமாகக் கொள்வார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

விழுக்காடு என்ற சொல்லுக்கும் முற்காலத்தில் அவரவர்க்கு விழும் பங்கு என்பதே பொருள். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் அதை நூற்றுக்கு என்ற ஒரே பொருளில் நிலைநிறுத்திவிட்டன. மேனியோ இன்னமும் ஆளுக்கும் ஏக்கருக்கும் மூட்டைக்கும் பொதுவாக வழங்கி வருகிறது.