கேஜிஎஃப் முதல் பெங்களூரு வரை: ஆன்லைன் கவுன்சிலிங் எப்படி நடக்கும், யாரை நம்பலாம்?

மாரிக்குப்பத்தில் அதிகாலை ரயில் ஏறி பெங்களூருவில் வேலை, வீடு திரும்ப இரவு. கோலார் தங்க வயலில் (கேஜிஎஃப்) ஏராளமானவர்களின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்ட பிறகு, வேலை என்றால் பெங்களூருதான். ரயிலிலேயே தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், "யார்கிட்டயாவது பேசணும்" என்று தோன்றினாலும் அதற்கு நேரம் ஏது? நிமான்ஸ் மருத்துவமனை பெங்களூருவிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே புறநோயாளியாகப் போக ஒரு நாள் லீவு போட வேண்டும்.

கோலாருக்கும் மனநலக் கணக்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின் (2015-16) முன்னோட்டம் நடந்தது கோலார் மாவட்டத்தில்தான். பின்னர் 12 மாநிலங்களில் நடந்த முழு ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்னைகள் உள்ளவர்களில் சுமார் 85% பேர் சிகிச்சை பெறவில்லை என்று தெரியவந்தது.

ஆன்லைன் கவுன்சிலிங் இந்த இடைவெளியில் உதவும். லேசான, நடுத்தர அளவிலான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும், பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்தும் ஆன்லைன் சிகிச்சை, நேரில் பார்ப்பதற்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆளே இல்லாமல் ஆப் மட்டும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளின் பலன் அதைவிடக் குறைவு.

முதல் செஷனில் என்ன கேட்பார்கள்?

நல்ல மனநல ஆலோசகர் எடுத்த எடுப்பில் உங்கள் சிறுவயது பற்றிக் கேட்க மாட்டார். "இப்போ எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றுதான் தொடங்குவார். வீட்டு முகவரியையும், அவசரத்தில் அழைக்க ஒருவரின் எண்ணையும் கேட்பார். வேவு பார்க்க அல்ல. அவர் சென்னையில் இருப்பார், நீங்கள் ஆண்டர்சன்பேட்டையில் இருப்பீர்கள். திடீரென்று உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் எந்த ஊருக்கு உதவி அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கால் கட் ஆனால் யார் திரும்ப அழைப்பது, கட்டணம் எவ்வளவு, ரெக்கார்டிங் உண்டா என்பதெல்லாம் அப்போதே பேசி முடிவாகிவிட வேண்டும். இதில் எதையுமே கேட்காமல் ஒருவர் நேராக அறிவுரைக்குப் போனால், எனக்கு அவர் மேல் சந்தேகம் வரும்.

அடுத்து, எங்கே உட்கார்ந்து பேசுவது? கேஜிஎஃப்-இல் இதுதான் பெரிய சிக்கல். பழைய சுரங்க லைன் வீடுகள் சின்னவை, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். "அம்மா காதுல விழுமே" என்ற பயத்தில் பாதியை விழுங்கிவிட்டுப் பேசினால், ஆலோசகருக்குக் கிடைப்பது பாதிக் கதைதான். அனுபவமுள்ளவர்கள் இதற்கு வழி வைத்திருப்பார்கள். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையை முன்பே பேசிவைப்பார்கள். "ஆபீஸ் மெயில் வந்துடுச்சு" என்றால் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்று அர்த்தம். கனமான விஷயத்தை மட்டும் சாட்டில் எழுதச் சொல்வார்கள். இயர்போன் போட்டு, 'ஆமா', 'இல்ல' என்று மட்டும் பதில் வரும்படி கேள்வி கேட்பார்கள். வேலை முடிந்த பிறகு ஆபீஸின் காலி மீட்டிங் ரூமும் நல்ல இடம்தான். ரயில் பெட்டி வேண்டாம். சிக்னல் விட்டு விட்டு வரும், பக்கத்து சீட்காரரும் கேட்பார்.

மொழியும் முக்கியம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் கன்னடமும், ஆபீஸில் ஆங்கிலம் என்று வளர்ந்தவருக்கு 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்வது சுலபம். "நெஞ்சு படபடங்குது", "மனசே சரியில்ல" என்பது வேறு மாதிரி வெளியே வரும். தமிழ் பேசும் ஆலோசகர் மதுரையில் இருந்தாலும் பரவாயில்லை என்பது ஆன்லைனில் கிடைக்கும் பெரிய வசதி.

யாரை நம்பலாம்?

மருந்து எழுதும் உரிமை மனநல மருத்துவருக்கு உண்டு, ஆலோசகருக்குக் கிடையாது. ஆன்லைனில் மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு 2020 மார்ச் 25 முதல் டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். 'கவுன்சிலர்' என்ற பெயர்தான் வழுக்கும் இடம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுக்கும் மனநலத் தொழில்வல்லுநர்களில் அந்தப் பெயர் தனியாக இல்லை. அதனால் எங்கே படித்தார், எத்தனை வருடம் படித்தார், யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். சில வாரக் கோர்ஸ் முடித்தவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார்.

ரகசியம் காப்பது அதே சட்டம் தரும் உரிமை. உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் அதில் விலக்கு உண்டு. அந்த எல்லை எது என்பதை முதல் செஷனிலேயே ஆலோசகர் சொல்லிவிட வேண்டும். தற்கொலைக்கு முயன்றதை வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 115ஆம் பிரிவு.

எப்போது ஆன்லைன் போதாது?

காதில் குரல் கேட்பது, பல நாள் தூங்காமல் அளவுக்கு மீறிய வேகத்தில் இருப்பது, குடியை நிறுத்தியதும் கை நடுக்கமும் வலிப்பும் வருவது, சாகத் திட்டம் போடுவது ஆகியவற்றுக்கு நேரடி சிகிச்சை வேண்டும். வீட்டில் அடிக்கிறவர் அதே அறையில் இருந்தால் வீடியோ காலே ஆபத்தாகலாம். தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் செவ்வாய்க்கிழமைகளில் வரும் 'மனோசைதன்யா' திட்டத்தைக் கர்நாடக அரசு 2014இல் தொடங்கியது. மருத்துவர் வரும் நாளைப் பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காசு இல்லை, யாரைத் தேடுவது என்றும் தெரியவில்லை என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம். கர்நாடகாவில் இருந்து அழைத்தாலும் மொழித் தேர்வில் தமிழைக் கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112.