மூன்று பாம்புகள், 31 ஊர்கள்

கி.மு. 479ஆம் ஆண்டில், கிரேக்கத்தின் போயோஷியாச் சமவெளியில், பிளாட்டீயா என்ற சிற்றூருக்கு வெளியே பாரசீகப் பெரும்படை சிதறியது. படைத்தலைவன் மார்தோனியஸ் களத்திலேயே மாண்டான். வென்றவர்கள் பாரசீகரின் பாசறைக்குள் நுழைந்தபோது அங்கே கண்டதை வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் விரிவாக எழுதியிருக்கிறார்: பொன்னும் வெள்ளியும் இழைத்த கட்டில்கள், பொற்கிண்ணங்கள், வண்டி வண்டியாகச் சாக்குகளில் கட்டி வைத்த பொன், வெள்ளி அண்டாக்கள். ஸ்பார்ட்டாவின் ஹெலட்டுகள், அதாவது நிலத்தோடு கட்டுண்ட அடிமைக் குடியானவர்கள், அதையெல்லாம் அள்ளிச் சேர்க்கும் வேலைக்கு விடப்பட்டார்கள். அவர்கள் கொஞ்சம் மறைத்து வைத்துக்கொண்டு ஏஜினா தீவுக்காரர்களிடம் விற்றார்களாம். பொன்னைப் பித்தளை விலைக்குக் கொடுத்தார்கள் என்கிறார் ஹெரடோட்டஸ். பொன்னைக் கையால் தொட்டே அறியாத மனிதர்கள் வேறு எந்த விலையைக் கேட்டிருப்பார்கள்?

மீதிக் கொள்ளையில் பத்தில் ஒரு பங்கு டெல்ஃபி அப்பல்லோவுக்கு ஒதுக்கப்பட்டது. ஒலிம்பியாவில் ஜீயஸுக்குப் பத்து முழ வெண்கலச் சிலை, இஸ்த்மஸில் பொசைடனுக்கு ஏழு முழச் சிலை. டெல்ஃபிக்கு இவற்றினும் அரிய ஒன்று போனது. மூன்று பாம்புகள் ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னி மேலெழும் வெண்கலத் தூண்; உச்சியில் மூன்று தலைகளும் மூன்று திசை பார்த்து வெளியே நீளும்; அதோடு சேர்ந்து நின்றது பொன்னாலான முக்காலி. அந்த முக்காலி பாம்புத் தலைகளின் மேல் உட்கார்ந்திருந்ததா, அல்லது அதன் நெடுங்கால்கள் தூணைச் சுற்றித் தரையில் ஊன்றியிருந்தனவா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். பர்னாசஸ் மலைச்சரிவில், அப்பல்லோ கோயிலின் பலிபீடத்துக்கு அருகில் அது நிறுத்தப்பட்டது. குறி கேட்க வந்த எவர் கண்ணிலும் படாமல் போகாத இடம்.

முதல் தகராறு கல்வெட்டில் வந்தது. கிரேக்கக் கூட்டுப்படைக்குத் தலைமை தாங்கியவன் ஸ்பார்ட்டாவின் அரசப் பிரதிநிதி பௌசானியஸ். தெர்மோப்பிலேயில் மடிந்த லியோனிடாஸின் தம்பி மகன். பாரசீகப் படையை அழித்தவனும் தான், காணிக்கை செலுத்துபவனும் தான் என்று பொருள்படும் ஈரடிச் செய்யுள் ஒன்றை அவன் அதில் பொறிக்க வைத்தான். கிரேக்கர்களுக்குப் பொறுக்கவில்லை. டெமோஸ்தெனீஸின் பேச்சுகளோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு வழக்காடல், இதற்காகப் பிளாட்டீயர்கள் ஸ்பார்ட்டாவின் மீது ஆயிரம் தாலந்து கேட்டு வழக்கே தொடுத்ததாகச் சொல்கிறது. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அதைவிடச் சுருக்கமாக முடிக்கிறார்: ஸ்பார்ட்டாவே அந்த வரிகளைச் செதுக்கி எறிந்துவிட்டு, போரில் உடன் நின்ற ஊர்களின் பெயர்களைப் பொறித்தது.

அந்தப் பெயர்கள்தான் இந்தத் தூணின் உயிர். பாம்புச் சுருள்களின் மேல், ஒரு சுருளுக்கு மூன்று நான்கு பெயர்களாக, 31 ஊர்கள். போரிட்டவர்கள் இவர்கள் என்ற ஒரு தலைப்பு. அதன் கீழே பெயர்கள் மட்டும். எத்தனை பேர் வந்தார்கள், யார் எத்தனை பேரைக் கொன்றார்கள், எவன் தலைவன் என்று எதுவும் இல்லை. முதலில் லேசிடெமோனியர், அதாவது ஸ்பார்ட்டாவினர், அடுத்து ஏதென்ஸார், பிறகு கொரிந்தியர். இந்த மூன்று பெரிய ஊர்களுக்குப் பின் வரிசை சிறிதாகிக்கொண்டே போகிறது: தெஜியா, சிக்கியோன், ஏஜினா, மெகாரா… பிளாட்டீயாக் களத்துக்கு ஏதென்ஸ் 8,000 கனரகக் காலாட்களை அனுப்பியதாக ஹெரடோட்டஸ் கணக்குத் தருகிறார். அதே கணக்கில் லெப்ரியோன் என்ற ஊர் அனுப்பியது 200 பேரை. மைசீனியும் டிரின்ஸும் சேர்ந்து 400. ஆனால் பாம்பின் உடலில் ஏதென்ஸுக்கும் ஒரு வரிதான், லெப்ரியோனுக்கும் ஒரு வரிதான்.

டீனோஸ் தீவின் பெயர் இதில் ஏறிய கதை இன்னும் சுவையானது. சலாமிஸ் கடற்போருக்கு முந்தைய இரவு, பாரசீகக் கப்பல்கள் நீரிணையைச் சூழ்ந்துவிட்டன என்ற செய்தியைக் கிரேக்கத் தளபதிகள் நம்ப மறுத்துச் சச்சரவிட்டுக் கொண்டிருந்தார்கள். அப்போது பாரசீகர் பக்கம் இருந்த டீனோஸ் கப்பல் ஒன்று, சோசிமெனீஸின் மகன் பனைட்டியஸ் என்பவன் தலைமையில், அணி மாறி வந்து உண்மை நிலவரத்தைச் சொன்னது. அந்த ஒரு கப்பலுக்காகத்தான் டீனோஸ் மக்களின் பெயர் டெல்ஃபியில் பொறிக்கப்பட்டது என்கிறார் ஹெரடோட்டஸ். இன்றும் தூணில் அந்தப் பெயர் இருக்கிறது. வரிசை ஒழுங்கைப் பார்த்தால் பிற்பாடு செருகப்பட்டது போலவே தோன்றுகிறது.

இல்லாத பெயர்களையும் சொல்லியாக வேண்டும். பாரசீகர் பக்கம் நின்ற தீப்ஸ் இல்லை. ஒதுங்கி நின்ற ஆர்கோஸ் இல்லை. சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்த மான்டினியா இல்லை; அதே போலத் தாமதித்து வந்த எலிஸ் மட்டும் எப்படியோ இடம்பிடித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஸ்பார்ட்டா வீரனுக்கும் ஏழு பேர் வீதம் 35,000 ஹெலட்டுகள் அந்தக் களத்தில் நின்றார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். இந்தத் தூணுக்கான பொருளை அள்ளிச் சேர்த்த கைகள் அவர்களுடையவை. லேசிடெமோனியர் என்ற முதல் வரிக்குள் அவர்கள் அடக்கமா, வெளியேவா என்று கேட்டால், கூசாமல் பதில் சொல்லக்கூடிய ஸ்பார்ட்டாக்காரன் எவனும் இருந்திருக்க மாட்டான்.

கிரேக்கர் என்றாலே ஒரே நாடு, ஒரே மக்கள் என்று நம் பள்ளிப் பாடங்கள் பழக்கிவிட்டன. அவர்களுக்கு ஒரே மொழியும் ஒரே தெய்வங்களும் இருந்தன. ஒரே நாடு இருந்ததில்லை. நூற்றுக்கணக்கான ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிப் படை, பக்கத்து ஊரோடு பரம்பரைப் பகை. அவற்றுள் வெறும் 31 ஊர்கள் தோளோடு தோள் நின்ற ஒரே ஒரு தருணத்தை இந்த வெண்கலம் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஒற்றுமை எவ்வளவு சீக்கிரம் கலைந்தது என்பதற்கும் இந்தப் பட்டியலே சாட்சி.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மைசீனியை ஆர்கோஸ் அழித்தது. ஹோமரின் அகமெம்னன் ஆண்ட ஊர், பாரசீகருக்கு எதிராகப் படை அனுப்பிய ஊர், அண்டை ஊரின் கையால் முடிந்தது. ஸ்பார்ட்டாவோடு பெலோபொனேசியப் போர் மூண்டதும் ஏதென்ஸ் ஏஜினா மக்களை அவர்கள் தீவிலிருந்து துரத்தியது. அடுத்துப் பொடிடியாவைக் காலி செய்தது. கி.மு. 416இல் மீலோஸ் தீவை வென்று, பிடிபட்ட வயதுவந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. கொன்ற ஊரும் கொல்லப்பட்ட ஊரும் டெல்ஃபியில் ஒரே பாம்பின் உடலில் சில சுருள் இடைவெளியில் இருந்தன.

பிளாட்டீயாவின் முடிவு இவை எல்லாவற்றிலும் கொடுமையானது. கி.மு. 427இல், நீண்ட முற்றுகைக்குப் பின் பசியால் சரணடைந்த அந்த ஊர்க்காரர்களை ஸ்பார்ட்டாவின் நீதிபதிகள் விசாரித்தார்கள். கேட்டது ஒரே கேள்வி: இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கு ஏதாவது நன்மை செய்தீர்களா? பிளாட்டீயர்கள் தூணை நினைவூட்டினார்கள். உங்கள் தந்தையர் எங்கள் ஊரின் பெயரை டெல்ஃபி முக்காலியில் பொறித்தார்கள், நீங்கள் தீப்ஸைத் திருப்திப்படுத்த அதே பெயரைக் கிரேக்கத்திலிருந்தே அழிக்கப் போகிறீர்களா என்று கேட்டதாகத் துசிடிடீஸ் பதிவு செய்கிறார். நீதிபதிகள் அசையவில்லை. 200 பேருக்குக் குறையாமல், ஒருவர்பின் ஒருவராக அழைத்துப் போய்க் கொன்றார்கள். பெண்களை அடிமைகளாக்கினார்கள். பின்னர் ஊரை அடித்தளம் வரை இடித்தார்கள். துசிடிடீஸின் நூலில் இந்த இடத்தைத் தாண்டும் போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட இதைவிடப் புனிதமான ஒன்று அந்த மக்களிடம் இருந்திருக்க முடியாது.

பொன் அதிக நாள் நிற்கவில்லை. கி.மு. 356இல் டெல்ஃபியைக் கைப்பற்றிய ஃபோக்கிஸ் நாட்டார், கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கக் கோயில் காணிக்கைகளை உருக்கினார்கள். முக்காலியும் அதில் போனது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் டெல்ஃபிக்கு வந்த பயண எழுத்தாளர் பௌசானியஸ் (படைத்தலைவனின் பெயரையே கொண்ட வேறொருவர்) வெண்கலம் மட்டும் எஞ்சி நிற்பதைப் பார்த்து எழுதினார்.

அடுத்த பயணம் கடல் கடந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போஸ்பரஸ் கரையில் இருந்த பழைய பைசான்டியத்தை (இன்றைய இஸ்தான்புல்) புதிய தலைநகராக்கி 330 மே 11 அன்று தொடங்கி வைத்தார். அதை அலங்கரிக்கப் பேரரசு முழுவதிலிருந்தும் சிலைகள் வந்தன. டெல்ஃபியின் பாம்புத் தூண் அங்கே ஹிப்போட்ரோம் என்னும் தேரோட்ட மைதானத்தின் நடு வரிசையில் ஏறி நின்றது. இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிளாட்டீயாவுக்கு மறு ஆண்டே பைசான்டியத்தைப் பாரசீகரிடமிருந்து மீட்டவன் அந்தத் தற்பெருமைத் தளபதி பௌசானியஸ்தான். கருங்கடல் வாயிலில் தன் பெயர் பொறித்த ஒரு பெரிய வெண்கலக் கலத்தைக் காணிக்கையாக வைத்தவனும் அவனே. பாரசீகரோடு கள்ள உறவு என்ற குற்றச்சாட்டில் சிக்கி, ஸ்பார்ட்டாவில் ஏதீனா கோயிலுக்குள் அடைக்கலம் புக, கதவை அடைத்துப் பட்டினி போட்டார்கள். குற்றுயிராக வெளியே இழுத்து வந்ததும் இறந்தான். அவன் பெயர் செதுக்கி எறியப்பட்ட தூண், எட்டு நூற்றாண்டுகள் கழித்து, அவன் வென்ற நகரத்துக்கே வந்து சேர்ந்தது.

1204இல் நான்காம் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடியபோது ஹிப்போட்ரோமின் வெண்கலச் சிலைகளை உருக்கிக் காசாக்கினார்கள். அந்த இழப்பைப் பைசான்டிய வரலாற்றாசிரியர் நிக்கேட்டாஸ் கோனியேட்டஸ் ஒவ்வொரு சிலையாகப் பெயர் சொல்லிப் புலம்பி எழுதியிருக்கிறார். நான்கு வெண்கலக் குதிரைகள் வெனிஸுக்குப் போயின. பாம்புத் தூணை ஏனோ விட்டுவிட்டார்கள். இதற்குள் அது மக்கள் மனத்தில் வேறொன்றாக மாறியிருந்தது. 1403இல் வந்த ஸ்பானியத் தூதர் கிளாவிஹோ, நகரத்தைப் பாம்புத் தொல்லையிலிருந்து காக்கவே ஒரு பேரரசர் இந்தத் தூணை மந்திரித்து நிறுத்தினார் என்ற கதையைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிளாட்டீயாவை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பாம்புக்கடிக்கு அஞ்சிய சாதாரண மக்களின் அந்த நம்பிக்கையை நான் மூடத்தனம் என்று தள்ளமாட்டேன். வெண்கலம் கண்ட இடத்தில் பீரங்கியும் காசும் வார்த்த நூற்றாண்டுகளில் தூணுக்கு அதுவே காவலாக இருந்திருக்க வேண்டும்.

1453இல் ஓட்டோமானியர் வந்த பிறகும் அந்தக் கதை நீடித்தது. சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தன் கதாயுதத்தை எறிந்து ஒரு பாம்பின் தாடையை உடைத்தார் என்று ஒரு கதை. பின்னாளைய ஓட்டோமானிய ஓவியங்களோ மூன்று தலைகளையும் காட்டுகின்றன. 1582இல் மூன்றாம் முராத் தன் மகனின் சுன்னத்து விழாவை இதே மைதானத்தில் வாரக்கணக்கில் நடத்தினார். அந்த விழாவைப் பதிவு செய்த நுண்ணோவிய ஏட்டில், கைத்தொழிலாளர் குழுக்கள் ஊர்வலமாகப் போகும் பக்கங்களில், பாம்புகள் வாயைத் திறந்தபடி நிற்கின்றன. தலைகள் விழுந்தது 1700 அக்டோபர் 20 இரவு. போலந்துத் தூதரகத்தார் குடிபோதையில் உடைத்தார்கள் என்ற வதந்தி பரவியது. ஓட்டோமானிய வரலாற்றாசிரியர் சிலாஹ்தார் மெஹ்மத் ஆகா, அவை தாமாகவே முறிந்து விழுந்தன என்று எழுதுகிறார்.

தலைகள் விழுந்தபோதும், தூணில் எழுத்து இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. நூற்றாண்டுகளாக மைதானத்தில் மண் ஏறி, பெயர்கள் இருந்த கீழ்ச் சுருள்கள் புதைந்துவிட்டிருந்தன. 1855இல், கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆங்கிலேயத் தொல்லியலாளர் சார்லஸ் நியூட்டன் அடியைத் தோண்டினார். வெண்கலத்தின் மேல் படிந்திருந்த களிம்புக்குள் எழுத்துகள் தெரிந்தன. ஃப்ரிக், டெதியே என்ற இருவர் சுத்தம் செய்து படித்தார்கள். லேசிடெமோனியர், ஏதென்ஸார், கொரிந்தியர்… மைசீனியர், டீனோஸார், மீலோஸார். ஹெரடோட்டஸும் துசிடிடீஸும் எழுதிய பொருள் கண்முன் நின்றது. மண்ணுக்கு மேலே நின்ற பகுதி காற்றிலும் மழையிலும் மனிதர் கையிலும் தேய, எழுத்துள்ள பகுதியை மண்ணே மூடிக் காத்திருக்கிறது.

தூண் இன்றும் இஸ்தான்புல்லில், சுல்தானஹ்மத் சதுக்கத்தில், பழைய தரை மட்டம் தெரியும்படி வெட்டிய பள்ளத்துக்குள் இரும்பு வேலி சூழ நிற்கிறது. உயரம் சுமார் ஐந்தே கால் மீட்டர். 29 சுருள்கள் எஞ்சியுள்ளன. 1848இல் ஹாகியா சோஃபியா அருகே கிடைத்த ஒரு பாம்புத் தலையின் மேல்தாடை, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைக் கிரேக்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. டெல்ஃபியில் அது நின்றது ஏறக்குறைய 800 ஆண்டுகள். போஸ்பரஸ் கரையில் நிற்பது 1,700 ஆண்டுகளாக. ரோமரும் பைசான்டியரும் துருக்கியரும் தங்கள் கதைகளை அதன்மேல் ஏற்றிக் காத்து வந்திருக்கிறார்கள். அந்த நகரம் அதை இரவல் பொருளாக வைத்திருக்கவில்லை. பெயர்த்தெடுக்கும் எந்த முயற்சியும் அந்தப் பழைய வெண்கலத்தை உடைத்துவிடும் என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. டெல்ஃபியில் 2015இல், பலிபீடத்துக்கு அருகே, அதன் வெண்கலப் படி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். மலையேறிக் கோயிலுக்குப் போகிறவர்கள் இப்போது அதைக் கடந்துதான் போகிறார்கள்.