சட்டைப்பைச் சங்கீதம்

யந்திரங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியவர்களின் பெருமையை எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்தாறு வருஷம் அவற்றோடு குடித்தனம் நடத்தியவர்கள் பட்ட பாட்டை எழுதுவார் இல்லை. கையடக்கமான டிஜிட்டல் பாட்டுப்பெட்டியின் விஷயத்திலும் இதுவே நடந்திருக்கிறது. 2001ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் தமது கால்சட்டைப் பையிலிருந்து ஐபாடை எடுத்துக் காட்டிய காட்சி பிரசித்தமானது. அந்தப் பெட்டியை நிரப்புவதற்காக எத்தனை பேர் எத்தனை இரவுகள் கண்விழித்தார்கள் என்பதும், நிரப்பியதைக் காப்பாற்றுவதற்கு என்னென்ன உபாயம் தேடினார்கள் என்பதும் அவ்வளவு பிரசித்தமானவை அல்ல. ஆயினும் அந்தக் கருவியின் உண்மையான சரித்திரம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஜெர்மனியில் ஏர்லாங்கன் நகரத்து ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள், மனிதச் செவிக்கு எட்டுவது எது, ஓர் ஒலியின் ஆரவாரத்தில் மற்றோர் ஒலி மறைந்துபோவது எப்படி என்று பல வருஷம் ஆராய்ந்து, காதுக்குத் தெரியாத பகுதிகளைக் கழித்து, பாட்டின் பரிமாணத்தை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய கதை தனி நூலுக்கு உரியது. வாத்தியங்களின் துணையின்றி ஒரு பெண்குரல் மட்டும் ஒலிக்கும் சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' என்ற பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டே அவர்கள் தமது முறையின் குறைகளைச் செப்பனிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்லலாம். 1995இல் அந்த முறைக்கு எம்.பி.3 என்ற பெயர் நிலைத்தது.

1998ஆம் ஆண்டில் தென்கொரியாவின் சேஹான் நிறுவனத்தார் 'எம்.பி.மேன்' என்ற சிறு கருவியை வெளியிட்டார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் டயமண்ட் மல்டிமீடியா என்ற கம்பெனி, 'ரியோ பி.எம்.பி.300' என்ற கருவியை 200 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் ஞாபகசக்தி 32 மெகாபைட். அதாவது, கேட்கத் தகுந்த தரத்தில் அரைமணி நேரப் பாட்டு. காலையில் ரெயிலேறிய மனிதர் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் ஒருமுறை முழுதும் கேட்டுவிட்டு, மாலையில் அதே ஏழெட்டுப் பாட்டுகளை அதே வரிசையில் மறுபடியும் கேட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். இரவில் கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டருக்கென்று இருந்த துவாரத்தில் கம்பியைச் செருகி, பழையதை அழித்துப் புதியதை ஏற்றவேண்டும். இருந்தாலும், ஓடும்போதும் குதிக்கும்போதும் வட்டத்தட்டுக் கருவியைப் போலப் பாட்டு துள்ளி அறுந்துபோகாது என்ற ஒரே குணத்துக்காக அதை மெச்சியவர்கள் உண்டு.

இந்த அற்பப் பெட்டியைக் கண்டு அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் அஞ்சியது. 1998 அக்டோபரில் அது வழக்குத் தொடுத்துத் தற்காலிகத் தடையுத்தரவும் பெற்றது. சில நாட்களில் அந்தத் தடை நீங்கிற்று. 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் தேதி மேல்முறையீட்டு நியாயஸ்தலம் டயமண்ட் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இந்தச் சரித்திரம் முழுவதற்கும் அஸ்திவாரமாக இருப்பது: தன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உள்ள பாட்டை ஒருவன் தான் போகுமிடத்துக்கு எடுத்துச் செல்வதற்காகப் பிரதி செய்துகொள்வது சொந்த உபயோகமே, வியாபாரம் அன்று. விலை கொடுத்து வாங்கிய சங்கீதத்தின்மேல் வாங்கியவனுக்கு ஒரு சுவாதீனம் உண்டு என்பதை நியாயாதிபதிகள் இவ்வாறு அங்கீகரித்தார்கள். பிற்காலத்தில் அந்தச் சுவாதீனம் என்ன கதியை அடைந்தது என்பதைப் பார்ப்போம்.

அரைமணி நேரப் பாட்டோடு மனிதர் திருப்தியடைவதில்லை. பாலோ ஆல்டோவில் காம்பாக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் உருவான 'பர்சனல் ஜூக்பாக்ஸ்' 1999இல் 4.8 கிகாபைட் ஹார்ட் டிஸ்கைச் சுமந்துகொண்டு வந்தது. நூறு இசைத்தட்டுகளை அதில் அடக்கலாம் என்றார்கள். மறுவருஷம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 கிகாபைட் கொண்ட 'நோமாட் ஜூக்பாக்ஸ்' கருவியை விற்றது. கொள்ளளவு பெரிது; ஆனால் அன்றைய யு.எஸ்.பி. கம்பியின் வழியே அதை நிரப்புவதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐபாடின் வெற்றிக்கு அதன் அழகையும் சக்கரத்தையும் காரணமாகச் சொல்வோர் அதன் ஃபயர்வயர் கம்பியை மறந்துவிடுகிறார்கள். ஓர் இசைத்தட்டை 10 விநாடியில், ஆயிரம் பாட்டை 10 நிமிஷத்தில் ஏற்றலாம் என்று ஆப்பிள் சொன்னபோது, இரவெல்லாம் காத்திருந்து அலுத்தவர்களுக்கு அதன் அருமை புரிந்தது. 399 டாலர் என்ற விலையும், மக்கின்டாஷ் கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கே பயன்படும் என்ற கட்டுப்பாடும் பலரைத் தடுத்தன. 2002இல் விண்டோஸுக்கும் அது வந்தபிறகே பரவல் தொடங்கிற்று.

ஆயிரம் பாட்டு என்று சொல்லிவிடுவது எளிது. அந்த ஆயிரமும் எங்கிருந்து வரும்? அலமாரியிலுள்ள இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் தள்ளி, பிரதியெடுத்து, வெளியே எடுத்து, அடுத்ததைத் தள்ள வேண்டும். இந்த வேலையைத் தட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு செய்துகொடுக்கும் தொழிலே அமெரிக்காவில் சிலகாலம் நடந்தது. நம் ஊரில் அந்தச் சிரமம் வேறு விதம். காசெட்டிலிருந்து மாற்றுவோர், அறுபது நிமிஷக் காசெட்டுக்கு அறுபது நிமிஷம் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. உட்காரப் பொறுமையில்லாதவர்கள் நடைபாதைக் கடையில் நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று அட்டையில் அச்சிட்ட எம்.பி.3 தட்டுகளை, உரிமை யாருடையது என்று விசாரியாமல் வாங்கிப்போனார்கள்.

இதைவிடப் பெரிய வேலை, ஏற்றிய பாட்டுகளுக்குப் பெயரிடுவது. சாதாரண இசைத்தட்டில் பாட்டு உண்டே தவிரப் பாட்டின் பெயர் கிடையாது. உலகெங்கும் உள்ள ரசிகர்கள் தாங்களே தட்டச்சு செய்து ஒரு பொதுப் பட்டியலுக்கு அனுப்பிய பெயர்களே, பிழைகளோடு, எல்லோருடைய பெட்டிக்குள்ளும் வந்து இறங்கின. அந்தப் பெயர்களைக் கோப்பின் வாலில் எழுதிவைப்பதற்கு 1996இல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு முறை வகுத்தார். மொத்தம் 128 பைட். அதில் பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30, தொகுதிக்கு 30. அமெரிக்கப் பாடகர்கள் பலருக்கு இது போதும். நம் பாடகர்களுக்கு எப்படிப் போதும்? டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா என்ற இரண்டு பெயர்களை ரோமன் லிபியில் முறையாக எழுதினால் புள்ளியும் இடைவெளியும் சேர்த்து 31 இடம் ஆகிறது. சுசீலா அம்மையாரின் கடைசி எழுத்து வாசலுக்கு வெளியே நின்றது. பிற்பாடு வந்த முறைகளில் இந்தத் தடை நீங்கினாலும் வேறு சங்கடங்கள் நீங்கவில்லை. இளையராஜா என்ற ஒரு மனிதர், எழுதியவர் தோறும் எழுத்துக்கூட்டல் மாறியதால், பட்டியலில் மூன்று நான்கு மனிதராகப் பிரிந்து நின்றார். தமிழ் லிபியிலேயே எழுதிப் பார்த்தவர்களுக்குப் பல கருவிகள் கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் காட்டின. மேல்நாட்டில் பாட்டுக்கு உரியவர் பாடகர். நமக்கோ முதலில் படம், பிறகு இசையமைப்பாளர், பிறகுதான் பாடகர், பாடலாசிரியர். படத்தைத் 'தொகுதி' என்ற இடத்தில் போட்டுச் சமாளித்தோம். கண்ணதாசனுக்கும் வாலிக்கும் அந்த 128 பைட்டில் இடமே கிடைக்கவில்லை. சங்கீத வகைகளுக்கென்று எரிக் கெம்ப் 80 எண்கள் ஒதுக்கினார். போல்காவுக்கு ஓர் எண் உண்டு, ஆசிட் பங்க் என்ற ஒன்றுக்கும் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. 'இதரம்' என்ற வகுப்பில் தியாகராஜரைச் சேர்க்க மனம் வராமல், குறிப்பு எழுதும் இடத்தில் ராகத்தையும் தாளத்தையும் எழுதிவைத்த ரசிகர்களுடைய சிரத்தை பாராட்டத்தக்கது.

மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீத ரசிகர்களுக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு பகுதி முடிந்து மறுபகுதி இடைவிடாமல் தொடரவேண்டிய இடத்தில் கருவி ஒரு கணம் மௌனம் சாதித்தது. ராகம் தானம் பல்லவியைத் துண்டு துண்டாக ஏற்றியவர்களும் அந்த வெட்டை உணர்ந்தார்கள். 2006ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் ஐபாடில் இதற்குப் பரிகாரம் வந்தது.

வரிசையைக் கலைத்துப் பாடும் 'ஷஃபிள்' வசதி வேறொரு விதத்தில் மனிதரைக் குழப்பிற்று. கச்சேரிச் சம்பிரதாயம் அறிந்தவருக்கு அதில் மங்களம் முதலில் வரும், வர்ணம் கடைசியில் வரும் என்பதே வேடிக்கை. மற்றவர்களுக்கோ சந்தேகம்: ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறாரே, இந்த யந்திரத்துக்கு யாரிடமாவது பக்ஷபாதம் உண்டோ? உண்மையில் கண்மூடித் தேர்ந்தெடுத்தால் அப்படிச் சேர்ந்து வருவது இயற்கையே. மனித மனம் அதை நம்ப மறுத்தது. ஆக்ஷேபங்களைக் கேட்டு 2005இல் ஆப்பிள் ஒரு மாறுதல் செய்தது. தற்செயல்போலத் தோன்றுவதற்காகத் தற்செயலைக் குறைத்திருக்கிறோம் என்று ஜாப்ஸ் விளக்கம் கூறினார். மனித சுபாவத்தை அறிந்த பேச்சு அது.

இனி அந்தச் சுவாதீனத்தின் கதைக்கு வருவோம். முதல் ஐபாடின் மேலே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளில், சங்கீதத்தைத் திருடாதே என்று நான்கு பாஷைகளில் அச்சிட்டிருந்தது. உபதேசத்தோடு நிற்காமல், கருவியின் அமைப்பிலும் அந்த எச்சரிக்கை புகுந்தது. பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குள் போகலாம். பெட்டியிலிருந்து வெளியே வர அனுமதியில்லை. உள்ளே எல்லாம் மறைவான அறைகளில் இருந்தன. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் செத்துப்போனால், வருஷக்கணக்கில் சேர்த்த அத்தனை பாட்டும் கையிலிருக்கும் பெட்டியில் ஒலிக்கும். ஆனால் புதிய கம்ப்யூட்டரில் அதைச் செருகினவுடன், இதிலுள்ளவற்றை அழித்துவிட்டு இங்கேயுள்ளதை ஏற்றட்டுமா என்ற கேள்வி எழும். புதிய கம்ப்யூட்டரிலோ ஒன்றுமே இராது. யோசனையின்றிச் 'சரி' என்ற பொத்தானை அமுக்கிச் சர்வத்தையும் இழந்தவர்கள் உண்டு. பெட்டியிலிருந்து பாட்டை மீட்டுக் கொடுப்பதற்கென்றே சிறு சிறு மென்பொருள்கள் தோன்றி நன்றாக விற்பனையாயின. 2003 ஏப்ரலில் ஆப்பிள் பாட்டுக்கு 99 சென்ட் என்று விற்கத் தொடங்கியபோது அந்தப் பாட்டுகளுக்கும் பூட்டு இருந்தது. 2009இல்தான் அந்தப் பூட்டு முழுதும் அவிழ்ந்தது. மைக்ரோசாஃப்டின் 'ஸூன்' கருவியிலோ ஒரு நண்பருக்குக் கம்பியில்லாமல் பாட்டை அனுப்பலாம். மூன்று தடவை கேட்டதும், அல்லது மூன்று நாள் கழிந்ததும், அது காலாவதியாகிவிடும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மூன்றாம் நாள் கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு போகும் மாட்டை என்னவென்று சொல்வது?

அதே ஸூன் கருவியின் 30 கிகாபைட் வகை, 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி ஊருக்கு ஊர் ஒரே நாளில் செயலற்றுப் போயிற்று. அது லீப் வருஷம். வருஷத்தின் 366ஆம் நாளை என்ன செய்வதென்று தெரியாமல் அதன் கடிகாரக் கணக்கு முடிவில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. கம்பெனியார் சொன்ன பரிகாரம்: பேட்டரி முழுதும் தீரட்டும், ஜனவரி முதல் தேதி மத்தியானத்துக்குமேல் மறுபடியும் சார்ஜ் செய்யுங்கள். அப்படியே செய்தார்கள், பிழைத்துக்கொண்டது.

பேட்டரி என்றதும் ஐபாடின் பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. பளபளக்கும் எஃகு முதுகில் முதல் வாரத்திலேயே கீறல் விழும்; அதை உரிமையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். உள்ளே முத்திரையிட்டு வைத்த லித்தியம் பேட்டரி ஒன்றரை, இரண்டு வருஷத்தில் தளர்ந்து, எட்டு மணி நேரம் பாடிய பெட்டி ஒரு மணி நேரத்தில் மயங்கி விழுவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 2003இல் நியூயார்க்கைச் சேர்ந்த நீஸ்டாட் சகோதரர்கள் ஊரெங்கும் ஒட்டியிருந்த ஐபாட் விளம்பரங்களின்மேல், இதன் பேட்டரியை மாற்ற இயலாது, 18 மாதமே உழைக்கும் என்று மையடித்து, அதை ஒரு குறும்படமாகவும் எடுத்தார்கள். அந்த வருஷமே 99 டாலருக்குப் பேட்டரி மாற்றித் தரும் ஏற்பாடு வந்தது. உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2005இல் சமரசத்தில் முடிந்தது. பலர் அதற்கெல்லாம் காத்திராமல், கித்தார் மீட்டும் வில்லையை மூடியின் விளிம்பில் நுழைத்து, தாங்களே திறந்து தாங்களே மாற்றிக்கொண்டார்கள்.

தெருவிலும் ரெயிலிலும் வெள்ளை இயர்ஃபோனோடு நடமாடிய மக்களைப் பற்றிச் சஸெக்ஸ் சர்வகலாசாலையின் மைக்கேல் புல் விரிவாக ஆராய்ந்து 2007இல் ஒரு நூல் எழுதினார். நகரத்தின் இரைச்சலைத் தள்ளிவைத்து, தன் நேரத்தையும் மனநிலையையும் தானே ஆளுவதற்கு மனிதர் இந்தக் கருவியை உபயோகிக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அது ஒரு பக்கம். காது கெடும் என்ற கவலை மறுபக்கம். பிரான்ஸ் தேசத்தில் 100 டெசிபலுக்குமேல் ஒலிக்கக் கூடாது என்ற சட்டத்தினால் 2002இல் ஐபாடின் விற்பனையையே சிலகாலம் நிறுத்தவேண்டி வந்தது.

2007 ஏப்ரலில் பத்துக் கோடியாவது ஐபாட் விற்றது. அதே வருஷம் பிறந்த ஐஃபோன் அதன் வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கியது. ஐபாட் வகைகளில், சக்கரம் வைத்த கிளாசிக் 2014இலும், ஷஃபிளும் நானோவும் 2017இலும், கடைசியாக மிஞ்சிய டச் 2022ஆம் ஆண்டு மே மாதத்திலும் நின்றுபோயின. பெயர் திருத்தவும், பிரதியெடுக்கவும், பூட்டைத் திறக்கவும் பட்ட பாடெல்லாம் ஓய்ந்து, மாதச் சந்தாவைக் கட்டிவிட்டு எந்தப் பாட்டையும் கேட்கலாம் என்ற சௌகரியம் வந்தபோது, பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அதில் சேர்ந்துகொண்டார்கள். 1999இல் நியாயஸ்தலத்தில் வாதாடிப் பெற்ற சுவாதீனத்தை யாரும் பறிக்கவில்லை, நாமே கொடுத்துவிட்டோம். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும், கம்பெனிக்கும் இசைத்தட்டுக்காரருக்கும் ஒப்பந்தம் முறிந்தால் நேற்றுக் கேட்ட பாட்டு இன்று பட்டியலில் இராது. இதை நஷ்டம் என்றே நான் கருதுகிறேன். ஒரு சிலர் அவ்வாறே கருதுகிறார்கள் போலும். பழைய கிளாசிக்கைத் திறந்து ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு மெமரி கார்டைப் பொருத்தி, புதுப் பேட்டரி போட்டு, இன்றும் அதில் பாட்டுக் கேட்கிறார்கள்.

வாசகர்களில் எவரிடமாவது மேஜை டிராயரில் இப்படிப்பட்ட பெட்டி கிடக்குமானால், ஒரு வேண்டுகோள். அதன் முதுகு வீங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; வீங்கியிருந்தால் சார்ஜ் செய்ய வேண்டாம், விஷயம் தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் பேட்டரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். வீங்காதிருந்தால் சார்ஜ் செய்து, உள்ளே உள்ள பாட்டுகளை இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் அழிக்கட்டுமா என்று கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.