துருப்பிடித்த ஆணியின் சான்று

மன்னர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிலைத்து நிற்கிறது. எளிய உழவரின் வரலாறோ பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அமெரிக்கச் சமவெளியின் பழைய குடியிருப்புகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

1862-ஆம் ஆண்டு ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கி, வீடு கட்டிப் பயிர் செய்வோர்க்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே நெப்ராஸ்காவில் டேனியல் ஃப்ரீமன் தம் விண்ணப்பத்தைப் பதிவு செய்தார். பின்வந்தோரில் பலர், மரமற்ற அச்சமவெளியில் புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினர். வறட்சியும் கடனும் வாட்ட, அவ்வீடுகளைக் கைவிட்டுச் சென்றோரும் பலர். சுவர்கள் மண்ணோடு மண்ணாயின. உலோகப் பொருள்கள் எஞ்சின.

அவற்றைக் கண்டறிய மெட்டல் டிடெக்டர் துணைபுரிகிறது. அதன் கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, கருவி ஒலிக்கிறது. குதிரை லாடம், சட்டைப் பொத்தான், தையலுக்கு விரலில் மாட்டும் அங்குஸ்தான், மவுத் ஆர்கனின் பித்தளைத் தகடு ஆகியவை வெளிப்படுகின்றன. உழைப்பும் வறுமையும் நிறைந்த அவ்வீடுகளில் இசையும் இருந்ததன்றோ!

நாணயம் தேடுவோர் பலர், இரும்பைப் பொருட்படுத்தாதவாறு கருவியை அமைத்துக்கொள்கின்றனர். ஆனால் வீட்டின் வயதைச் சொல்வது இரும்பாணியே. தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணி பழையது. 1890-களில் கம்பியாணி அதன் இடத்தைப் பிடித்தது. ஆணிகள் செறிந்து கிடக்குமிடம் கதவும் கூரையும் இருந்த இடத்தைக் காட்டும். கிடந்த இடத்தைக் குறிக்காமல் தோண்டியெடுத்தால், அச்சான்று வெறும் பழைய இரும்பாகிவிடும். ஆகவேதான் அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. ஃப்ரீமன் குடியேறிய தென்கிழக்கு நெப்ராஸ்கா, ஓட்டோ-மிசூரியா மக்கள் வாழ்ந்த மண். 1854-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அதன் பெரும்பகுதியை அவர்கள் இழந்தனர். குடியேறியோரின் ஆணிக்கு ஒலிக்கும் கருவி, அம்மண்ணின் முன்னோர் புழங்கிய மண்கலத்துக்கும் கற்கருவிக்கும் ஒலிப்பதில்லை. கருவி ஒலிக்காத இடத்திலும் மனிதர் வாழ்ந்தனர் என்பதை நினைவிற்கொள்வதே வரலாற்று நேர்மை.