கனால் து மிதியின் பூட்டுகளும் பாலங்களும்

தெற்கு பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத் தோ உப்பங்கழி வரை சுமார் 240 கிலோமீட்டர் ஓடுவது கனால் து மிதி. பதினான்காம் லூயி மன்னர் 1666-இல் அனுமதி தர, 1681-இல் திறக்கப்பட்டது. வெட்டுவித்த பியேர் பால் ரிக்கே பொறியாளர் அல்லர், உப்பு வரியைக் குத்தகைக்கு எடுத்து வசூலித்தவர். திறப்பைக் காணாமல் 1680-இல் காலமானார்.

வழியில் நொரூஸ் மேடு 189 மீட்டர் உயரத்தில் குறுக்கிடுகிறது. மேடேறி இறங்கும் ஒவ்வொரு படகும் இருபுறமும் நீர்ப்பூட்டுகள் வழியே தொட்டி தொட்டியாகத் தண்ணீரைக் கீழே அனுப்பிவிடும். உச்சியில் தண்ணீர் வற்றினால் கால்வாயே இல்லை. ரிக்கேயின் உண்மையான சாதனை இங்கேதான்: மலையோடைகளைத் திருப்பி, சான் ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கி, நொரூஸுக்குக் கொண்டுவந்தார்.

நீர்ப்பூட்டு என்பது இருமுனையிலும் கதவுள்ள கல் தொட்டி. மேலேற வேண்டிய படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல்மதகைத் திறப்பார்கள். தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். இரட்டைக் கதவுகள் மேல்நீரை நோக்கிக் கூம்பி நிற்பதால் நீரின் அழுத்தமே அவற்றை இறுக்கி அடைக்கிறது. இருபுறமும் நீர்மட்டம் சமமாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் அவை அசையா.

நேர்ச்சுவரோடு கட்டிய தொடக்ககாலப் பூட்டு ஒன்று இடிந்துவிழுந்தது. அதன்பின் ரிக்கே சுவர்களை வெளிப்புறமாக வளைத்தார். பக்கவாட்டு மண்ணின் அழுத்தத்தைக் கிடையாகக் கிடக்கும் வளைவுபோல் அவை தாங்கின. கதவருகே சுமார் 6 மீட்டர் அகலம், நடுவில் 11. தண்ணீர் கூடுதலாகச் செலவாகும் என்பது இந்த முட்டை வடிவத்தின் குறை. ஆக்த் ஊரின் பூட்டோ வட்டமாகக் கட்டப்பட்டது. மூன்று கதவுகள், மூன்று திசைகள். பெசியே நகருக்கு அருகே ஃபோன்செரான் சரிவில் எட்டுத் தொட்டிகள் படிக்கட்டாய் அடுக்கப்பட்டு, 21.5 மீட்டர் உயரத்தைக் கடந்தன.

கால்வாய்க்கு மேலே வண்டிப்பாதையைத் தாங்கும் கல்வளைவுப் பாலங்கள் பல உண்டு. ஆனால் வியக்கத்தக்கவை கால்வாயையே சுமக்கும் நீர்ப்பாலங்கள். 1676-இல் ரெபுத்ர் ஓடைமேல் ரிக்கே ஒன்று கட்டினார். பெரும்பாலான ஓடைகள் கால்வாயிலேயே கலந்து வண்டலைக் கொட்டியதால், ராணுவப் பொறியாளர் வோபான் பின்னர் மேலும் பல நீர்ப்பாலங்களையும் அடிவழி மதகுகளையும் சேர்க்கச் செய்தார்.

பெசியேயில் படகுகள் ஓர்ப் ஆற்றிலேயே இறங்கிக் கடந்தன. வெள்ளக் காலத்தில் பயணம் நின்றது. 1858-இல் ஆற்றின்மேல் நீர்ப்பாலம் வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. படகுகள் ஆறுவரை இறங்க வேண்டியிராததால், ஃபோன்செரானின் கடைசித் தொட்டி வழக்கொழிந்தது.